தம்பிக்குப் பிதுக்கிய பருப்பு

பாலசமுத்திரம்
6 பிப்ரவரி 2025

தம்பி சிட்டிபாபுவுக்கு,

அண்ணன் ஏழுமலை சொல்லச் சொல்ல, பஸ் நிற்கும் இடத்தில் தையல்கடை வைத்திருக்கும் தேவசேனா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியும். போனில் பேசலாமே என்பாய். இடது காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் எனக்கு மனிதர் பேச்சு விளங்குகிறது. போனை வைத்தால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம்தான் கேட்கிறது. அதனால் கடிதம். இவள் பள்ளிப்பட்டிலிருந்து நம் ஊருக்கு வாழ வந்தவள். தமிழ் நன்றாக எழுதுவாள். பேச்சைத் திருத்தி எழுதிக்கொள், சேதியைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நீ அந்தமானிலிருந்து பொங்கலுக்கு வந்தாய். இருபது வருஷம் கழித்து வந்தாய். சந்தோஷம். வந்த அன்று நாட்டுக்கோழி. மறுநாள் புளிச்சக்கீரை கடைந்து, வேர்க்கடலைத் துவையல். போகியன்று கேழ்வரகு அடை. மாட்டுப்பொங்கலுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. அது உனக்குப் பிடித்துவிட்டது என்று, நீ இருக்கும்வரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை அதே குழம்பு.

அந்தப் பருப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தேவசேனா மொச்சை என்று எழுதவா என்கிறாள். அனபக்காய் என்றே எழுது என்றேன். அந்தக் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கித் தள்ள வேண்டும். ஒரு கிண்ணம் பருப்பு சேர்வதற்குள் கட்டைவிரல் வெந்துபோகும். நம் சொந்த நிலத்தில் வருஷா வருஷம் அனபக்காய் காய்க்கிறது. உன் அண்ணி சுலோசனாவிடம் நானும் வருஷா வருஷம் கேட்கிறேன். "வெரல் வலிக்குதுய்யா, தோலோட துன்னா தொண்டையில எறங்காதா" என்பாள். தோலோடுதான் தின்கிறேன். நீ வந்ததும் விரல் வலி எந்த ஊருக்குப் போனது என்று தெரியவில்லை. டி.வி.யைப் போட்டுக்கொண்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி பிதுக்கினாள்.

திருப்பதிக்குப் போனோமே, அலிபிரியில் படி ஏறுவதற்கு முன் பொட்டலத்தைப் பிரித்தோமே. உன் புளிச்சோற்றில் வேர்க்கடலை. என் புளிச்சோற்றில் இல்லை. கேட்டால், "உனக்குத்தான் பல்லு இல்லியே" என்றாள். பல் இல்லைதான். கண்ணும் இல்லையா எனக்கு?

நீ போனதும் களியும் ஊறுகாயும் திரும்பிவிட்டன. அதுகூடப் பரவாயில்லை. தினமும் விளக்கு வைத்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகிறாள். அந்தப் பக்கம் நீ. எனக்குத் தெரிகிறது. அவள் வாய் அசைகிறது, தோள் குலுங்குகிறது, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு ஒரு சத்தமும் வராது. இன்னா பேசினே என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்று கையை ஆட்டுகிறாள்.

என்ன பேசுகிறீர்கள் என்று எனக்கு எழுது. சும்மா என்று எழுதாதே.

ரயிலுக்குக் கிளம்பும்போது, ஊரோடு வந்துவிடுகிறேன் அண்ணா, பின்னறையை எனக்குக் கொடு என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு
ஏழுமலை (கைநாட்டு)


போர்ட் பிளேர்
22 பிப்ரவரி 2025

அண்ணாவுக்குச் சிட்டிபாபு வணக்கம்.

கடிதத்தைக் கையில் வாங்கியதும் யாரோ செத்துப்போனார்கள் என்று பயந்துவிட்டேன். படித்து முடித்ததும் இத்தனை நாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

என்ன பேசுகிறோம் என்று கேட்டாய். களி பேசுகிறோம்.

என் நிலைமை உனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி யமுனா போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை இந்தத் தீவிலும் எனக்குச் சித்தூர்ச் சாப்பாடுதான். இப்போது மருமகள் கையில் வீடு. வங்காளத்துப் பெண், தங்கமான பெண், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். மீனில், கத்தரிக்காயில், ஒருநாள் உப்புமாவில்கூட. மகன் சுதீர் அதிலேயே பழகிவிட்டான். நான் ரோடு ரோலர் ஓட்டிய காலத்தில் தார் வாசனைக்கு நடுவில் சாப்பிட்டவன், எனக்கே மூக்கு எரிகிறது.

ஊரில் பதினைந்து நாள் அண்ணி கையால் தின்றுவிட்டு வந்தபிறகு இங்கே வாயில் எதுவும் போகவில்லை. சரி, நாமே கிண்டிப் பார்ப்போம் என்று கேழ்வரகு மாவு வாங்கினேன். முதல்நாள் கட்டி கட்டியாக வந்தது. அண்ணிக்குப் போன் போட்டேன். "நொய்யி வெந்தப்புறம் மாவைக் கொட்டிட்டு, துடுப்பை வெக்காம மூடி வெச்சிடு கொழுந்தனாரே, ஒடனே கிண்டாதே" என்றாள். மறுநாள் அடி பிடித்தது. அதற்கடுத்த நாள் துடுப்பே முறிந்தது. அதைக் கேட்டுத்தான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்திருப்பாள். சிரிக்கட்டுமே. அறுபத்தாறு வயசுக்காரன் ஒரு களி உருண்டைக்காகத் தீவில் மல்லுக்கட்டுவது சிரிக்கிற காரியம்தானே?

எனக்காக ஏன் பிதுக்கினாள் என்று கேட்டால், நான் என்ன சொல்வது? நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறது என்றேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

பின்னறையைப் பற்றி யோசித்து முடித்தாயா? நான் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன். என் களியை நானே கிண்டிக்கொள்வேன், கட்டியாக வந்தாலும்.

அன்புள்ள
சிட்டிபாபு


பாலசமுத்திரம்
14 மார்ச் 2025

சிட்டிபாபுவுக்கு,

உன் கடிதம் வந்த கதையை முதலில் கேள்.

தேவசேனா கடையில் உட்கார்ந்தேன். அவள் படித்தாள். எனக்குக் கேட்க வேண்டுமென்றால் காதில் கத்த வேண்டும். அவள் கத்தினாள். கடுகெண்ணெய், கட்டி, துடுப்பு, எல்லாவற்றையும் கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கேட்டார்கள். சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பையன்கள்கூடக் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். மோர் விற்கிற ரத்னம்மா, "ஏம்ப்பா ஏழுமலை, பிதுக்கின பருப்புக்காடா பஞ்சாயத்து?" என்றாள். நான் வீட்டுக்கு நடந்து சேர்வதற்குள் சேதி ஓடிச் சேர்ந்துவிட்டது. உன் அண்ணி வாசலில் நின்றாள்.

"எம்மேலே பிராது எழுதி சமுத்திரம் தாண்டி அனுப்புனியாமே?"

"பிராது இல்லே. கேள்வி."

"அப்போ இன்னிக்கு இன்னா துன்றதுன்னு அந்தப் பதிலிலே கீதா பாரு" என்று கதவைச் சாத்தினாள். அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் இட்லி தின்றேன். இனி உன் கடிதத்தை மாந்தோப்புக்குக் கொண்டுபோய்த்தான் படிக்கச் சொல்லப் போகிறேன். அங்கே குயிலுக்கு மட்டும்தான் கேட்கும்.

களி பேசினீர்கள் என்கிறாய். நம்புகிறேன். நம்பினாலும் வயிறு எரிகிறது. இத்தனை வருஷத்தில் துடுப்பை நான் தொட்டால், "ஆம்பளைக்கு இன்னா வேலை இங்கே, தள்ளு" என்பாள். உனக்கு மட்டும் சமுத்திரத்துக்கு அப்பால் வரைக்கும் பாடம்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். செய்தது அதுதானடா. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காதுதான் மந்தம். மாட்டுப்பொங்கலன்று நீ முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாய். "நல்லாக் கீது அண்ணி, தேவலோகத்துலேகூட இது கெடைக்காது" என்றாய். அது எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். அவள் சட்டியிலிருந்து ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு தடவை சொன்னாய். இன்னொரு கரண்டி. மூன்றாவது தடவை சொன்னபோது சட்டியைச் சாய்த்து வழித்துப் போட்டாள். அவளுக்கென்று இருந்தது அது. நாம் எழுந்த பிறகு அவள் என்ன தின்றாள் என்று திரும்பிப் பார்த்தாயா? நான் பார்த்தேன். களியும் வெங்காயமும்.

நீ அவள் பங்கைத் தின்றாய். பதினைந்து நாளும் தின்றாய். நீ ஊரோடு வந்துவிட்டால் வருஷம் முழுக்கத் தின்பாய்.

பின்னறையில் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கிவிட்டேன். இடம் இல்லை.

ஏழுமலை (கைநாட்டு)

பெரியப்பா சொன்னபடியே எழுதியிருக்கிறேன் சித்தப்பா. கடைசி வரியை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். என்மேல் வருத்தப்பட வேண்டாம். தேவசேனா.


போர்ட் பிளேர்
5 ஏப்ரல் 2025

அண்ணா,

மூட்டையை அடுக்கிவிட்டாய். நல்லது.

சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நீ. பிழைக்கப் போகும்போது கப்பலேற்றிவிட மெட்ராஸ் வரைக்கும் வந்தவன் நீ. உன்னிடம் நான் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பங்கைத் தின்றேன் என்கிறாய். உங்கள் வீட்டில் இப்போது எதற்குப் பஞ்சம்? குதிர் நிறையக் கேழ்வரகு, நிலத்தில் அனபக்காய், தோப்பில் மாங்காய். அண்ணிக்குக் குறைந்தது குழம்பு இல்லை. ஒரு சொல். அவளே என்னிடம் சொன்னாள். முன்பு நீ கேட்டபோது மறைத்தேன். இப்போது மறைக்க ஒன்றுமில்லை. "உங்க அண்ணன் மூஞ்சியைப் பாத்துக்கினு சமைக்கிறது செவுத்துக்குச் சோறு போடற மாதிரி கொழுந்தனாரே. உப்பு போதுமான்னா தலை ஆட்டும். காரமான்னா தலை ஆட்டும். ஒரே தலையாட்டு. அந்த ஆளுக்கு நாக்கு கீதா இல்லியான்னு எனக்கு இந்த வயசுலேயும் தெரியலே" என்றாள்.

விரல் வலிக்கிறது என்று உன்னிடம் ஏன் சொன்னாள் என்று இப்போதாவது உனக்குப் புரிகிறதா? சுவருக்காக யார் பிதுக்குவார்கள்?

உனக்கு என்மேல் இருப்பது அண்ணியின் பங்கைப் பற்றிய கவலை இல்லை அண்ணா. பொறாமை. ஒரு நல்ல வார்த்தையை நீயே சொல்லியிருந்தால் என் வார்த்தைக்கு அங்கே என்ன விலை இருந்திருக்கும்?

இனி நான் போன் செய்ய மாட்டேன். களி கிண்டுவதையும் விட்டுவிட்டேன். கடுகெண்ணெய் உடம்புக்கு நல்லதாம்.

சிட்டிபாபு


பாலசமுத்திரம்
19 ஜூன் 2025

சிட்டிபாபுவுக்கு,

பதில் சொல்ல நாளாகிவிட்டது. தோத்தாபுரி மாங்காய் அறுப்பு முடியும்வரை தோப்பில் ஆள் நடமாட்டம். இப்போதுதான் தோப்பு காலியானது. தேவசேனாவை அழைத்துவந்து உட்காரவைத்தேன்.

நீ போன் செய்வதை நிறுத்தினாய். நான் ஜெயித்தேன். விளக்கு வைத்தபிறகு போன் அலமாரியில் கிடக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள், பிறகு மாட்டைப் பார்க்கிறாள். கெங்கம்மா ஜாத்திரைக்கு எல்லார் வீட்டிலும் கூழ் ஊற்றினார்கள். அவளும் ஊற்றினாள். ஆனால் எப்போதும் சின்ன வெங்காயம் அரிந்து போடுவாள், இந்த வருஷம் போடவில்லை. அந்த நாக்கு இல்லாத ஆள் அதைக் கவனித்தான் என்று எழுதிக்கொள். எனக்கு அதிலும் வயிற்றெரிச்சல்தான். நான் எதிரிலேயே இருக்கிறேன், என் வீட்டில் உன் போனுக்காகத் துக்கம் கொண்டாடுகிறாள்.

பொறாமை என்றாய். ஆமாம். ஆனால் அது மாட்டுப்பொங்கலன்று பிறந்தது இல்லை. உனக்கு ஐந்து வயசு ஆனபோது பிறந்தது. நீ மறந்திருப்பாய். எனக்கு மறதி என்ற வரத்தைச் சாமி கொடுக்கவில்லை.

அப்போது நமக்கு ஒரு சாண் நிலம் இல்லை. நைனாவும் அம்மாவும் ஒரு பெரிய ரெட்டி நிலத்தில் கூலி. அந்த வருஷம் மழை பொய்த்தது. அனபக்காய் அறுத்து முடித்தபிறகு கொடியில் தப்பிக் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அம்மா பொறுக்கிவந்து, ஊறவைத்து, பிதுக்கி, குழம்பு வைத்தாள். பூண்டுகூட இல்லை. மிளகாயும் உப்பும் மட்டும். உச்சி வெயிலில் நால்வரும் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு அகப்பை. நீ நக்கித் தின்றுவிட்டு, "நல்லாக் கீதும்மா" என்றாய். அம்மா முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? தன் தட்டை எடுத்து அப்படியே உன் தட்டில் சாய்த்தாள்.

எனக்குப் பதினோரு வயசு. நானும் சொல்ல வாயைத் திறந்தேன். நைனா என் தொடையை அழுத்திப் பிடித்தார். வலித்தது. சாப்பிட்டு எழுந்ததும் களத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். "டேய் பெரியவனே, வூட்டுல சோத்தை நல்லாக் கீதுன்னு எப்பவும் சொல்லாதே. சொன்னா அவ பங்கு அவளுக்கு இல்லே. இன்னாத்தைப் போட்டாலும் தலையை ஆட்டிட்டு எழுந்துரு. அப்பத்தான் அவ துன்னுவா" என்றார். திரும்பி வந்தபோது அம்மா சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி அதைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

நீ சின்னவன். உனக்கு யாரும் சொல்லவில்லை. நீ வளர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாய், அம்மாவும் சாய்த்துக்கொண்டே இருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பருப்பின்மேல் எனக்கும் ஆசைதானடா. அம்மா முகம் என்னைப் பார்த்தும் ஒரு தடவை அப்படி மலர வேண்டும் என்று ஆசைதான்.

சுலோசனா வந்தபோதும் அதையே பிடித்துக்கொண்டேன். முதல் வருஷங்களில் எங்களுக்கும் பஞ்சம்தான். நான் வாயைத் திறக்காததால்தான் அவள் தின்றாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிலம் வந்தபிறகு விட்டிருக்கலாம். வாய் பழகிவிட்டது. இப்போது நீ வந்து அதே சொல்லைச் சொல்கிறாய், அவளும் அதே மாதிரி சட்டியைச் சாய்க்கிறாள், அதே மாதிரி முகம் மலர்கிறது. நான் மறுபடியும் பதினோரு வயசுக்காரனாக எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உன்னிடம் சொல்லிவிட்டேன். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏழுமலை (கைநாட்டு)


போர்ட் பிளேர்
8 ஜூலை 2025

அண்ணா,

உன் கடிதத்தைச் சுதீருக்குப் படித்துக் காட்டலாம் என்று எடுத்தேன். பாதியில் என்னால் முடியவில்லை.

அம்மா தட்டைச் சாய்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அதைத்தான் நான் இந்த ஊரில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்கள் அம்மாவுக்கு நான்தான் செல்லம் என்று. அவள் சட்டி கழுவிய தண்ணீரைக் குடித்தது எனக்குத் தெரியாது. நைனா உன்னிடம் மட்டும் சொன்னதும் தெரியாது. என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர். அவர்மேல் எனக்கு இப்போது கோபம் வருகிறது. உனக்கு என்மேல் வந்தது போலத்தான்.

நீ மூட்டையை நகர்த்த வேண்டாம். நான் வரவில்லை. எந்த முகத்தோடு அந்த வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்காருவேன்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். நைனா சொன்னது அண்ணிக்குத் தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். அவள் உன்னைச் சுவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் போன் போட்டு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லையும் நான் சொல்லி, அந்த முக மலர்ச்சியையும் நானே வாங்கிக்கொண்டால், உனக்கு என்ன மிச்சம்?

அனபக்காய்க் காலம் வருவதற்கு நாள் இருக்கிறது. நீ சொல்.

சிட்டி


பாலசமுத்திரம்
12 டிசம்பர் 2025

தம்பி சிட்டிக்கு,

சொன்னேன். உடனே சொல்லவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் போனது. ஒவ்வொரு நாளும் தட்டுக்கு முன்னால் உட்காருவேன், நாக்கு நுனிவரைக்கும் வரும், தலை ஆடிவிடும்.

போன வாரம் நிலத்தில் முதல் அனபக்காய் பறித்தோம். நான் கேட்கவில்லை. அவளே ஊறவைத்தாள். மறுநாள் முறத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு கை அள்ளினேன். முதல் கொட்டையை அழுத்தினேன், பருப்பு தெறித்து அவள் நெற்றியில் பட்டது. "தள்ளு" என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பிதுக்கினோம். விரல் நிஜமாகவே வலிக்கிறது சிட்டி. அவள் பொய் சொல்லவில்லை.

குழம்பு கொதித்து இறக்கினாள். களி உருண்டை, நடுவில் குழி, குழியில் குழம்பு. ஒரு வாய் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், நீ செய்தாயே அந்த மாதிரி. சொன்னேன். "நல்லாக் கீது."

அவள் கரண்டி அப்படியே நின்றது. "இன்னா சொன்னே?"

"நல்லாக் கீது."

"காது கேக்கலே, சத்தமாச் சொல்லு." காது கேட்காதவன் நான். அவள் வேண்டுமென்றே கேட்கிறாள். நான் கத்தினேன். ரத்னம்மா வீட்டு நாய் குரைத்தது.

அவள் சட்டியை எடுத்து என் தட்டில் சாய்த்தாள், வழித்து. அம்மா சாய்த்த மாதிரியே. "அய்யோ, உனக்கு?" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ரெட்டி நிலம், நைனா தொடையை அழுத்தியது, சட்டி கழுவிய தண்ணீர், எல்லாம். நான் பேசுவது எனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. தெருவே கேட்டிருக்கும்.

கேட்டு முடித்ததும் அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். மூடி போட்ட ஒரு கிண்ணத்தோடு வந்தாள். திறந்து காட்டினாள். பிதுக்கம்பருப்பு, நிறைய, எனக்குப் போட்டதைவிடக் கெட்டியாக. என் காதருகில் குனிந்து கத்தினாள்.

"எங்கம்மா எனக்கு இன்னா சொல்லிக் குடுத்தா தெரியுமா? ஆம்பளைங்களைத் துன்னக் கூப்புடறதுக்கு முன்னாடி உன்னுதை எடுத்து வெச்சிடுன்னு. கல்யாணமான மறுநாள்லேர்ந்து எடுத்து வெச்சிக்கினுதான் கீறேன். நான் இன்னா, உங்க நாக்கை நம்பியா வயித்தை வெச்சிருப்பேன்?"

"பொங்கலுக்குக் களியும் வெங்காயமும் துன்னியே, நான் பாத்தேனே?"

"அது நீங்க எழுந்ததும் துன்னது. அதுக்கப்புறம் துன்னதை எங்கே பாத்தே?"

என் வாய்க்கு இத்தனை வருஷமாக நான் போட்டு வைத்த பூட்டு ஒரு கிண்ணத்துக்குக்கூட உதவவில்லை.

அவள் விடவில்லை. "சரி, இது நல்லாக் கீது. அப்போ இத்தினி வருஷம் போட்டதெல்லாம்?" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணமான புதிதில் சித்தூர் வெல்ல ஆலையில் வேலைக்கு இருந்தோமே, அங்கே பச்சைமிளகாயை மட்டும் வைத்துக் கடைந்த புளிச்சக்கீரை. அது பசலை என்றாள். புளிச்சக்கீரைதான், பல் கூசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்றேன். ஏரி உடைந்த வருஷம் வயல் நண்டு இடித்து வைத்த ரசம். சத்தியவேட்டில் மண் வேலைக்குப் போனபோது மூன்று செங்கல் வைத்து ஆக்கிய கருவாட்டுக் கத்தரிக்காய். மகளுக்குக் காது குத்திய அன்று உப்புக் குறைந்த சாம்பார், குறைந்தாலும் நன்றாக இருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது கொள்ளு வேகவைத்த தண்ணீரில் பூண்டு தட்டிப் போட்டது. ஒன்றையும் நான் மறக்கவில்லை. வருஷம் வருஷமாகச் சொன்னேன். அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என் களி ஆறிக் கல்லாகிவிட்டது.

முகம் மலர்ந்தது சிட்டி. நான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்தபிறகு அவள் சொன்னதை அப்படியே எழுது என்று தேவசேனாவிடம் சொல்லியிருக்கிறேன். "நீ சொன்னதும் சரிதான்யா. ஆனா கணக்கப்பிள்ளை மாதிரி சொல்றே. கொழுந்தனார் சொன்னா ஒரு வார்த்தை போதும், நெஞ்சு குளிரும்" என்றாள்.

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு எரிந்தது.

மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் கிளம்பி வா, ஊரோடு வந்துவிடு. அந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும், கண்ணை எப்போது மூட வேண்டும், தலையை எந்தப் பக்கம் ஆட்ட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடு. அவள் இல்லாத நேரத்தில், மாந்தோப்பில் வைத்துக் கற்றுக்கொடு. நான் கற்றுக்கொண்ட பிறகு அவள் எதிரில் நீ வாயைத் திறக்கக் கூடாது.

அண்ணன்
ஏழுமலை (கைநாட்டு)